நாட்குறிப்பும் நம் வரலாறும்

மறதி மனிதனுடன் உடன்பிறந்தது. அதனை வெல்வதற்கென்றே அவன் எழுத்தைக் கண்டான் என்று கூறினும் மிகையாகாது. அரசன் தன் வெற்றியைக் கல்லில் வெட்டுவித்தான். கொடையைச் செப்பேட்டில் பொறித்து வைத்தான். புலவன் தன் பாட்டை ஓலையில் எழுதினான். இவையனைத்தும் பிறர் படித்தல் வேண்டும் என்ற நோக்குடன் எழுந்தவை. இவற்றினும் மிகுதியாக, நாள்தோறும் வீடுதோறும் எழுதப்பட்டு வந்த எழுத்து வேறொன்று உண்டு. தான் மறவாதிருத்தற்பொருட்டு ஒருவர் தமக்கென எழுதிக்கொண்ட குறிப்பே அது.

வரலாற்று ஆசிரியர்கள் நெடுங்காலம் முதல் வகை எழுத்தையே பெருஞ்சான்றாகக் கொண்டனர். கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு கொடுத்தவன் யார் என்பதைக் கல்வெட்டு சொல்லும். அன்று அரிசி என்ன விலை விற்றது, கப்பல் வரத் தாமதித்தபோது கடைத்தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள், பதவியில் இருந்தவர் யாரிடம் சினந்தார், யாரிடம் சிரித்தார் என்பனவற்றைத் தமக்கென எழுதி வைத்தவரே நமக்குச் சொல்ல இயலும். பிறர் பார்ப்பார்கள் என்ற எண்ணம் இல்லாமையால் அவ்வெழுத்தில் ஒப்பனை குறைவு. அன்றன்றே எழுதப்பட்டமையால், முடிவு தெரிந்தபின் கதையைத் திருத்திக்கொள்ளும் இயல்பும் குறைவு.

அத்தகைய குறிப்புகள் சிலவற்றின் வரலாற்றைக் கூற முற்படுகிறது இக்கட்டுரை. அவை எவ்வாறு எழுதப்பட்டன, எவ்வாறு அழிவின் விளிம்பு வரை சென்று மீண்டன என்பதைக் கண்டபின், தமிழகத்தை விட்டு வந்து குடியேறி வாழும் நம் வீடுகளில் உள்ள ஏடுகளின் கதி என்ன என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.

முடிச்சும் கோடும்

எழுத்தறியாதார்க்கும் குறிப்பு வைத்துக்கொள்ளும் வழி தெரிந்தே இருந்தது. நினைவில் வைக்க வேண்டியதற்கு முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொண்டனர் நம் மூதாட்டியர். பால் ஊற்றிய நாளுக்கு ஒரு கோடு எனக் கரிக்கட்டையால் சுவரில் இழுத்து, மாத முடிவில் எண்ணிக் காசு கொடுத்தனர். எழுத்தறிந்த வீட்டில் பஞ்சாங்கத்தின் ஓரமே குறிப்பேடாயிற்று. விதைத்த நாள், பசு கன்று ஈன்ற நாள், கடன் கொடுத்த நாள் எல்லாம் அங்கே ஏறின.

ஓலைக் காலத்தில் எழுதுவது எளிய வேலையன்று. ஓலையைப் பதப்படுத்தி, நறுக்கி, எழுத்தாணியால் கீறி, மை தடவித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குப் புலப்படும். ஆகவே மனப்பாடம் பெரிதும் போற்றப்பட்டது. எழுதுவதோ சுருக்கமாக அமைந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவன் எண்சுவடியை ஒப்பித்தபோது, முழு எண்களோடு நில்லாமல், பதினாறில் ஒரு பங்காகிய மாகாணியையும், எண்பதில் ஒரு பங்காகிய காணியையும், முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரியையும் ஒப்பித்தான். இச்சிறு பின்னங்களுக்கெல்லாம் தனித்தனிக் குறிகள் இருந்தன. ஒரு சிறு ஓலை நறுக்கில் ஒரு வயலின் விளைச்சலையும் பங்கீட்டையும் அடக்கிவிட அவை போதுமாயிருந்தன. எண்ணும் எழுத்தும் கண்கள் என்று நம் முன்னோர் கருதியதற்கு இவ்வன்றாடத் தேவையும் ஒரு காரணம்.

இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் கையில், காகிதமும் மையும் எளிதாகக் கிடைத்த காலத்தில் என்ன விளைந்தது என்பதைக் காண, பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரிக்குச் செல்ல வேண்டும்.

புதுவைத் துபாசி

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் திருவேங்கடம் பிள்ளை வாணிகத்தின் பொருட்டுக் குடும்பத்துடன் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பத்தின் மகன் அவர் என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். பிரெஞ்சுக் கும்பெனியின் வாணிகத்தில் ஈடுபட்டுப் படிப்படியாக உயர்ந்து, ஆளுநர் தூப்ளேயின் காலத்தில் தலைமைத் துபாசியானார். துபாசி என்றால் இரு மொழியாளர். பிரெஞ்சுக்காரருக்கும் நம் நாட்டு வணிகர், நெசவாளர், நவாபுகளின் தூதர் முதலியோருக்கும் இடையே நின்று பேச்சையும் பேரத்தையும் நடத்திக் கொடுப்பது அவர் தொழில். அவருக்கெனச் சொந்தக் கப்பலும் இருந்தது. அதன் பெயர் ஆனந்தப் புரவி.

நள ஆண்டு ஆவணித் திங்களில், அதாவது 1736 செப்டம்பர் 6-ஆம் நாள், அவர் தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும், கப்பல்கள் வருவதையும் போவதையும், நிகழும் புதுமைகளையும் எழுதி வருவது என்பதே அவர் தமக்கு வகுத்துக்கொண்ட விதி. இடையிடையே சில பகுதிகள் இன்று கிடைக்காவிடினும், கால் நூற்றாண்டுக் காலம், 1761 வரை, அக்குறிப்பு நீண்டது. அவ்வாண்டு ஜனவரியில் அவர் காலமானார். அதே மாதத்தில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது.

அக்குறிப்பில் இல்லாதது யாது? 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும், அவ்வெற்றியை யார் எவ்வாறு பயன்படுத்துவது என்பது பற்றித் தூப்ளேக்கும் கடற்படைத் தலைவர் லபூர்தொனேக்கும் மூண்ட பூசலும் அதில் உண்டு. 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது ஊர் பட்ட பாடும், அந்த நாட்களில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது மக்கள் பட்ட துயரமும் உண்டு. 1745-இல் மாதா கோயிலுக்குள் சாதி பிரித்து எழுப்பப்பட்டிருந்த சுவரைப் பற்றி எழுந்த சச்சரவும் உண்டு. இவற்றோடு துணி மூட்டைகளின் கணக்கும், வெகுமதிகளின் பட்டியலும், ஊர் வம்பும், கிரக நிலையும், யார் யாரைப் பற்றி எவரிடம் கோள் சொன்னார்கள் என்பதும் ஒரே நடையில் அடுத்தடுத்து வருகின்றன. பெரியது சிறியது என்ற பாகுபாடு அவருக்கில்லை. அன்று நடந்தது எதுவோ அது எழுதப்பட்டது.

அவர் எழுதிய தமிழ் இலக்கணத் தமிழன்று, பேசிய தமிழ். பிரெஞ்சும் போர்த்துக்கீசியமும் பாரசீகமும் தெலுங்கும் அதில் கலந்து வரும். இன்றைய வாசகர்க்கு அந்நடை முதலில் தடுக்கும். பழகியபின் அக்காலக் கடற்கரைப் பட்டினத்தின் குரலே காதில் விழுவது போலிருக்கும். நாள் முழுவதும் பிறர் சொல்லைப் பிறர்க்கு மாற்றிச் சொல்லும் தொழிலில் இருந்த ஒருவர், தமக்கென எழுத அமர்ந்தபோது தமிழுக்கே திரும்பினார் என்பது நம் போன்றோர் ஊன்றி நோக்கத்தக்கது.

அவர் எழுதியதெல்லாம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்று கொள்ளுதல் கூடாது. தம் போட்டியாளரைப் பற்றி எழுதும்போது அவர் கை கசப்புடன் ஓடுகிறது. ஆளுநர் தம்மைப் பாராட்டிய சொற்களைச் சற்று விரிவாகவே எழுதிக்கொள்கிறார். ஆகவே வரலாற்றறிஞர்கள் அதனைக் கும்பெனியின் ஆவணங்களோடு ஒப்பு நோக்கியே பயன்படுத்துகின்றனர். ஆயினும் ஒன்று உறுதி. கும்பெனியின் ஆவணங்களில் ஆண்டவர்களின் குரல் மட்டுமே கேட்கும். ஆளப்பட்டவர் ஒருவர் அவர்களை அருகிருந்து பார்த்து எழுதிய பார்வை இவ்வளவு விரிவாக வேறெங்கும் கிடைப்பது அரிது.

இப்பழக்கம் அவரோடு முடியவில்லை. அவர் குடும்பத்தில் பின்வந்தோர் சிலரும் நாட்குறிப்பு எழுதினர். புதுவையில் காவல் அதிகாரியாயிருந்த இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஆனந்தரங்கர் மறைந்து 85 ஆண்டுகள் வரை அவருடைய ஏடுகள் உலகறியாமல் கிடந்தன. 1846-இல் கலுவா மோன்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். பின்னர் சென்னை அரசின் முயற்சியால் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. தமிழ் மூலம் புதுச்சேரியில் 1948 முதற்கொண்டுதான் தொகுதி தொகுதியாக அச்சேறத் தொடங்கியது. தமிழர் ஒருவர் தமிழில் எழுதிய குறிப்பை உலகம் முதலில் ஆங்கிலத்தில் படித்தது. தமிழர் அதன் பின்னரே தமிழில் படித்தனர். இதனை ஒரு குறையாகக் கூறுவதைவிட ஓர் எச்சரிக்கையாகக் கொள்வதே பொருந்தும்.

வணிகர் ஏடு

துபாசியின் குறிப்பு தனி மனிதர் ஒருவரின் விடாமுயற்சி. அதனினும் பரவலாக, ஒரு சமூகமே முறையாகக் குறிப்பெழுதி வாழ்ந்ததற்கு நகரத்தாரின் கணக்கேடுகள் சான்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மா, இலங்கை, மலேயா எனக் கடல் கடந்து கொண்டு விற்ற இவர்கள், முதலாளி செட்டிநாட்டில் இருக்க, மேலாளைக் கடைக்கு அனுப்பும் முறையை வகுத்திருந்தனர். அவர் பெரும்பாலும் மூன்றாண்டுக் காலம் அங்கிருந்து வணிகம் நடத்தித் திரும்புவார். கண்ணுக்கு எட்டாத தொலைவில் நடக்கும் வணிகத்தை இணைத்த கயிறு எழுத்து ஒன்றே.

அன்றன்றைய வரவு செலவு நாள்வழியில் ஏறும். அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். குறிப்பிட்ட காலத்தில் ஐந்தொகை எடுக்கப்படும். ஏட்டின் தலைப்பில் பிள்ளையார் சுழி. அதன் கீழ் நாளும் கிழமையும். அதன் பின்னரே காசு. பெட்டியடிப் பையனாகச் சேரும் சிறுவன் முதலில் கற்றது இந்த ஒழுங்கைத்தான். ஒரு நாளின் எழுத்தை மறுநாளைக்குத் தள்ளிப்போடுதல் பெருங்குற்றமாகக் கருதப்பட்டது.

வணிகத்தில் பழகிய கை வீட்டிலும் எழுதியது. திருமணத்தை எழுத்தில் பதிவு செய்யும் இசைகுடிமானம், சீர்வரிசைப் பொருள்களின் பட்டியல், விசேடங்களுக்கு வந்த உறவினர் பெயர்கள் எனக் குடும்பத்தின் வாழ்வே ஏட்டில் ஏறியது. யார் எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டு எங்கே போனார்கள் என்பதை இன்று ஆராய்வோர்க்கு அரசாங்க அறிக்கைகள் தரும் செய்தி மேலோட்டமானது. இவ்வேடுகள் தருவதோ உள்வீட்டுச் செய்தி.

நகரத்தார்க்கு மட்டும் உரியதென்று இதனைக் கருத வேண்டுவதில்லை. தமிழகத்தின் பல பகுதிகளிலும் வழங்கும் மொய் நோட்டை எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை என்ற மூன்றே செய்திகள். ஆனால் அவற்றுள் ஒரு குடும்பத்தின் உறவு வட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இன்னார் நமக்குச் செய்தார், நாம் அவர்க்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கடப்பாட்டை நினைவூட்டும் அந்நோட்டு, காலம் கடந்தபின் எந்தெந்த ஊரோடு நமக்குக் கொள்வினை கொடுப்பினை இருந்தது என்பதைச் சொல்லும் வரலாற்று ஏடாக மாறிவிடுகிறது.

அடுப்பங்கரை ஏடு

இதுகாறும் கூறியவை ஆடவர் எழுதியவை. பெண்டிர் கல்வி பரவியபின் அவர்கள் எழுதி வைத்த குறிப்புகள் வேறு வகையின. கோலத்துக்குப் புள்ளி எத்தனை வரிசை என்பதை வரைந்து வைத்த நோட்டு, நலங்குப் பாட்டு நோட்டு, குழந்தைக்குச் சளி பிடித்தால் தரும் கைமருந்துக் குறிப்பு, ஊறுகாய்க்கு உப்புக் கணக்கு ஆகியவை பெட்டியின் அடியில் புடவைக்கு நடுவே வாழ்ந்தன. இவற்றை யாரும் நூலாக எண்ணியதில்லை. அவற்றை எழுதிய பெண்களும் எண்ணியதில்லை.

அத்தகைய அறிவு ஒன்று அச்சேறிய வரலாறு இங்குக் கூறத்தக்கது. சென்னையில் வாழ்ந்த எஸ். மீனாட்சி அம்மாள் சமையலில் தேர்ந்தவர். உறவினர் பலரும் இதை எப்படிச் செய்வது, அதற்கு என்ன அளவு என்று அவரிடம் கேட்ட வண்ணம் இருந்தனர். கேட்போர்க்கெல்லாம் தனித்தனியே எழுதி அனுப்புவதைவிட நூலாகவே எழுதிவிடலாமே என்று அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் ஊக்கினார். அவ்வாறு 1951-இல் வெளிவந்ததே 'சமைத்துப் பார்'. மணமாகி ஊர்விட்டு ஊர் செல்லும் பெண்ணின் பெட்டியில் அந்நூலும் இடம்பெறுவது பல குடும்பங்களில் வழக்கமாயிற்று. மாமியாரும் தாயும் அருகில் இல்லாத தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும், வற்றல் குழம்பின் அளவைக் கேட்டறிய வேறு துணையில்லாத இளம்பெண்களுக்கு அதுவே துணை.

இங்கு நாம் காண்பது யாது? குடும்பம் ஓரிடத்தில் சேர்ந்து வாழ்ந்தவரை வாய்மொழியே போதுமாயிருந்தது. குடும்பம் பிரிந்து தொலைதூரம் சென்றபோது எழுத்து தேவையாயிற்று. குடிபெயர்ச்சியே குறிப்பின் தாய் எனலாம். துபாசிக்கும் நகரத்தாருக்கும் பொருந்தும் இவ்வுண்மை அடுப்பங்கரைக்கும் பொருந்துகிறது.

கும்பகோணத்து நோட்டுப் புத்தகம்

தமக்கென எழுதிய குறிப்பு உலகுக்கே உரியதாக உயர்ந்ததற்குத் தலைசிறந்த சான்று கணித மேதை சீனிவாச இராமானுஜன். ஈரோட்டில் 1887-இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், கல்லூரித் தேர்வில் தேறவில்லை. கணிதம் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லாமையே காரணம். அக்காலத்தில் காகிதம் வாங்கும் வசதி அவருக்கில்லை. சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, மீண்டும் கணக்கிட்டு, விடை கிட்டியபின் அதனை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். வழி சிலேட்டோடு அழிந்தது. முடிவு நோட்டில் நின்றது. அவர் எழுதிய மூன்று நோட்டுப் புத்தகங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் எழுதப்படவில்லை.

பட்டமில்லாத அவருக்கு அந்நோட்டுப் புத்தகங்களே சான்றிதழ். அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு திருக்கோவலூரில் துணைக் கலெக்டராயிருந்த வி. இராமசாமி ஐயரையும், நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவையும் கண்டு வேலை வேண்டினார். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் திங்கள் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1913-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதமும், 1914-இல் இங்கிலாந்து சென்றதும், 1919-இல் நோயுடன் திரும்பி 1920-இல் மறைந்ததும் யாவரும் அறிந்தவை.

அவர் மறைவுக்குப் பின் அந்நோட்டுகளின் வாழ்வு தொடங்கியது. 1957-இல் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை அவர் கையெழுத்திலேயே நிழற்படப் பதிப்பாக வெளியிட்டது. அவற்றிலுள்ள முடிவுகளை ஒவ்வொன்றாக நிறுவி, அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் ஐந்து தொகுதிகளை 1985 முதல் 1998 வரை வெளியிட்டார். வறுமையால் சுருக்கி எழுதப்பட்ட குறிப்பை விரித்துரைக்க அறிஞர் உலகுக்கு இத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன.

தீயும் அதிலிருந்து மீட்சியும்

இராமானுஜன் தம் இறுதி நாட்களில் எழுதிய தனித்தாள்களும் இருந்தன. அவை இங்கிலாந்து சென்று, இறுதியில் பேராசிரியர் வாட்சனிடம் தங்கின. வாட்சன் 1965-இல் மறைந்தபின் அவருடைய வீட்டுக்குச் சென்ற கணித அறிஞர் ஒருவர், ஓர் அறை முழுதும் தாள்கள் ஓரடி உயரத்துக்குக் குவிந்து கிடப்பதைக் கண்டார். சில நாட்களில் அக்குவியல் எரிக்கப்பட இருந்தது. அதிலிருந்து இராமானுஜன் கையெழுத்துத் தாள்கள் தப்பி, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தைச் சேர்ந்தன. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்க அறிஞர் அங்கே ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் அவற்றின் அருமை உலகுக்குத் தெரிந்தது. 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்று இன்று உலகம் போற்றுவது அதனையே.

இங்கிலாந்தில் நேரவிருந்தது தமிழகத்தில் நேர்ந்தே விட்டது. சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழஞ்சுவடிகள் நெருப்பில் இடப்பட்டுவிட்டன என்பதை அறிந்து உள்ளம் துடித்ததைத் தாமே பதிவு செய்திருக்கிறார். எரித்தவர்கள் தமிழுக்குப் பகைவரல்லர். சிதைந்த சுவடிகளைத் தீயில் இடுவதே சாத்திரப்படி அவற்றுக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணினர். அவற்றைப் படித்தறியும் ஒருவர் அந்த நேரத்தில் அங்கில்லாமற்போனார், அவ்வளவே.

சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தது நாமறிந்ததே. அப்பணிக்கு அடிப்படையாயிருந்தவை அவர் தம் பயன்பாட்டுக்கெனத் தொகுத்து வைத்த குறிப்புகள். ஒரு சொல் வேறெந்த நூலில் எங்கே வருகிறது, ஒரு செய்தி எவ்வுரையில் காணப்படுகிறது என்று குறித்து வைத்துக்கொண்டமையால்தான், சிதைந்த அடிகளின் பொருளை அவரால் உணர முடிந்தது. தமக்கு வந்த கடிதங்களையும் அவர் காத்து வைத்தார். பிறர் எழுத்தைத் தீயிலிருந்து மீட்டவர், தம் எழுத்தையும் தமக்கு வந்த எழுத்தையும் எளிதாக எண்ணவில்லை.

இவ்வரலாறுகளிலிருந்து புலனாவது ஒன்று. ஒரு குறிப்பு பிழைப்பதற்கு எழுதியவரின் கை மட்டும் போதாது. அடுத்த தலைமுறையில் அதனைப் படிக்கத் தெரிந்த ஒரு கண்ணும், எறியாமல் வைக்க வேண்டும் என்று எண்ணும் ஒரு மனமும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் ஏடு தீக்கிரையே.

நம் வீட்டு ஏடுகள்

கரோல்பாகிலும் மாதுங்காவிலும் அல்சூரிலும், நாட்டின் பிற நகரங்களிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் அலமாரிகளைத் திறந்தால் இத்தகைய ஏடுகளைக் காணலாம். முதன்முதலில் வேலைக்கு வந்தவர் எழுதிய வரவு செலவு நோட்டில் அறை வாடகை, மெஸ்ஸுக்குக் கொடுத்தது, ஊருக்கு மணியார்டர் அனுப்பியது எனத் தொடங்கி, சில பக்கங்களுக்குப் பின் பாத்திரம் வாங்கியது, பால் கணக்கு, பள்ளிக் கட்டணம் என்று குடும்பம் வளரும். மணியார்டர் படிவத்தின் அடியில் இருந்த சிறு இடத்தில் தந்தை எழுதிய நான்கு வரிகள், பிள்ளைகளின் பிறந்த நேரமும் நட்சத்திரமும் குறித்த தாள், ஊர்த் திருவிழாவுக்குப் புறப்பட்ட ரயிலின் நேரம் எழுதிய நாட்காட்டி ஆகியவையும் அங்கே இருக்கும். தமிழர் வெளிமாநிலங்களில் குடியேறிய வரலாற்றை ஒருவர் எழுத முற்பட்டால், அவர்க்கு இவற்றினும் நம்பத்தக்க சான்று கிடையாது.

ஆனால் இவ்வேடுகளுக்கு இரு பகைகள் உண்டு. ஒன்று இடமாற்றம். உத்தியோக மாற்றலாகும்போதும், ஓய்வுபெற்று அரசுக் குடியிருப்பைக் காலி செய்யும்போதும், பழைய தாள்களே முதலில் எடைக்குப் போகின்றன. மற்றொன்று மொழி. நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பலருக்குப் படிக்கத் தெரிவதில்லை. அச்செழுத்தைக் கூட்டிப் படிப்பவர்க்கும் தாத்தாவின் கையெழுத்து புரிவதில்லை. தனக்குப் புரியாத தாளைக் காப்பதற்கு ஒரு பிள்ளைக்குக் காரணம் ஏது? கரிவலம்வந்தநல்லூரில் நிகழ்ந்தது, தீயின்றியே, நம் அடுக்குமாடி வீடுகளில் நாள்தோறும் நிகழ்கிறது. இன்று குறிப்பைச் செல்பேசியில் எழுதுவோர் பெருகிவிட்டனர். எழுதுவது எளிது, தேடுவதும் எளிது. ஆயின் கருவி பழுதானாலோ கடவுச்சொல் மறந்தாலோ எழுதியதனைத்தும் மறையக்கூடும்.

இதற்குப் பெரிய ஏற்பாடுகள் எவையும் வேண்டுவதில்லை. குறிப்பில் ஆண்டைத் தெளிவாக எழுதுதல் முதற்கடமை. நம் அறுபதாண்டுச் சுழற்சியில் நள ஆண்டு என்றால் அது ஆனந்தரங்கர் எழுதத் தொடங்கிய 1736-ஆகவும் இருக்கலாம்; 1976-ஆகவும் இருக்கலாம். ஆடி 12 என்று மட்டும் எழுதிய தாள் ஐம்பது ஆண்டுக்குப் பின் எதையும் சொல்லாது. அடுத்து, பெயர். சின்ன மாமா என்று எழுதினால் எழுதியவர்க்கு விளங்கும், பேரனுக்கு விளங்காது. பெயர், உறவு, ஊர் மூன்றையும் எழுதுக. புகைப்படத்தின் பின்புறத்தில் இருப்போர் யார், எங்கே, எப்போது என்பதை மென்மையான பென்சிலால் குறித்து வைக்க. செல்பேசியில் எழுதியவற்றுள் காக்கத்தக்கவற்றை ஆண்டுக்கொரு முறையேனும் தாளில் ஏற்றுக.

எல்லாவற்றினும் தலையாயது, எழுதியவர் இருக்கும்போதே படித்துக் கேட்பது. வீட்டுப் பெரியவர் தம் பழைய நோட்டை உரக்கப் படிக்க, பிள்ளை அருகிலிருந்து தனக்குத் தெரிந்த எழுத்தில் அதனை எழுதிக்கொள்ளட்டும். அப்பா ஏன் அந்த மாதம் 20 ரூபாய் கடன் வாங்கினார், பாட்டி எந்த ரயிலில் வந்து இறங்கினார் என்பவை அப்போது வெளிவரும். கேட்டு எழுதுவதற்காகவேனும் பிள்ளை தமிழ் எழுத்தைக் கற்க நேரிடும். நம் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் விழாக்களுள் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, குடும்பங்கள் தத்தம் ஏடுகளைக் கொணர்ந்து படிக்கவும் படியெடுக்கவும் வகை செய்யுமாயின் அது நற்பணியாகும்.

ஆனந்தரங்கர் தம் குறிப்பைத் தொடங்கிய நாளில் அது வரலாறாகும் என்று எண்ணியிருக்கமாட்டார். வந்த கப்பலையும் போன கப்பலையும் எழுதினார். நம் வீட்டுப் பெரியவர்களும் வந்த பணத்தையும் போன பணத்தையும் எழுதினார்கள். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அலமாரியைத் திறப்போமாக.